ஊர் ஊராய்ப் போனால் குற்றமா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. மாலை நேரம். காப்பி கொடுத்துவிட்டு அந்த வீட்டுத் தாய் என்னிடம் முறையிட்டார்:

"தம்பி! நீங்கள் படித்தவர். இவனுக்குப் புத்தி சொல்லுங்கள். காலேஜ் படிப்பு முடியப் போகிறது. கால்பந்து சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். அந்த வேலைக்கு ஓர் ஊர் உண்டா? இந்த வருஷம் கோவா; அடுத்த வருஷம் கல்கத்தா! நாடோடிப் பிழைப்புக்கா இவனைப் படிக்க வைத்தேன்?"

பையன் தலை குனிந்து நின்றான். நான் அந்தத் தாய்க்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பட்டாளத்தில் தொடங்கியது

கேரளத்தில், திருச்சூர் பக்கம், சாலக்குடி என்று ஓர் ஊர். டி.கே.சாத்துண்ணி அந்த ஊர்க்காரர். வாலிப வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். செகந்திராபாத்தில் பட்டாள அணிக்குப் பந்து ஆடினார். பிறகு கோவா. பிறகு பம்பாய். இந்திய அணியிலும் இடம் பெற்றார்.

வயது ஏறியது, கால் ஓய்ந்தது. ஆனால் மனம் ஓயவில்லை. பயிற்சியாளர் ஆனார்.

1990-ல் அவருடைய பயிற்சியில் கேரள போலீஸ் அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் மோகன் பகான், 1889-ல் பிறந்த பழம்பெரும் சங்கம். அந்தச் சங்கம் 1997-98-ல் முதல் தடவையாகத் தேசிய லீக் பட்டத்தைப் பெற்றதும் சாத்துண்ணியின் பயிற்சியில்தான். டெம்போ, சல்கோகர், எப்.சி.கொச்சின், விவா கேரளா என்று இன்னும் பல அணிகள் அவரை அழைத்தன. 2024 ஜூனில் அவர் காலமானார்.

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஓர் ஏழைப் பையன். அவனைப் பயிற்சி முகாமில் பக்குவப்படுத்தியவரும் இவரே. அந்தப் பையன்தான் ஐ.எம்.விஜயன்! பின்னாளில் இந்திய அணிக்கே தலைவர் ஆனார். 2025-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

ஏன் மாற்றுகிறார்கள்?

சரி, பயிற்சியாளர் ஏன் ஓரிடத்தில் நிலைப்பது இல்லை? காரணம் சாதாரணம். அணி தோற்றால் பணம் போட்டவருக்குக் கோபம் வரும். பதினொரு ஆட்டக்காரர்களையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. பயிற்சியாளர் ஒருவரை மாற்றுவது சுலபம். வென்றாலோ, வேறு அணி கூடுதல் சம்பளம் காட்டி அழைக்கும். தோற்றாலும் பயணம்; வென்றாலும் பயணம்!

நாதஸ்வர வித்துவான் திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறுகிறார். கோபுரம் கட்டும் ஸ்தபதி, கோவில் எங்கேயோ அங்கே போகிறார். அவர்களை நாடோடி என்று நாம் சொல்வது உண்டா? "பல ஊர் பார்த்தவர்" என்று மரியாதை அல்லவா கொடுக்கிறோம்! பயிற்சியாளருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

தாய் கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பென்ஷன் உண்டா, தம்பி?"

நான் திகைத்துப் போனேன். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் பென்ஷன் ஏது? அந்தத் தாயின் பயம் நியாயமானது. அதைப் பழிப்பது தவறு.

ஆகவே, இளைஞர்களுக்கு என் யோசனை இது: பட்டப் படிப்பை விடாதீர்கள். பயிற்சியாளர் உரிமத்துக்கு முறைப்படி தேர்வு எழுதுங்கள். சாத்துண்ணிகூடப் பட்டாளச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஆட்டத்தில் வளர்ந்தார்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பொன்மலை ரெயில்வே காலனி பந்து ஆடிப் பழகிய மண். திருச்சியில் பள்ளிகளுக்கும் குறைவில்லை. நாலு பள்ளிகள் சேர்ந்து, வருஷம் முழுவதும் சம்பளம் கொடுத்து, ஒரு கால்பந்துப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒவ்வொரு பள்ளிக்கும் கால் பங்குச் செலவுதானே! வெளியூர் போக விரும்புகிறவன் போகட்டும். ஆனால் பிழைப்புக்கு வழியில்லாமல் ஒருவன் ஊரை விட்டுப் போகிற நிலை வேண்டாம்.

நான் விடைபெற்றபோது அந்தத் தாய் மகனைப் பார்த்துச் சொன்னார்: "முதலில் நம்ம தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. அவர்கள் தேறினால், அப்புறம் கல்கத்தா போகலாம்."

இதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை!