திடலுக்கு வந்து திட்டுங்கள்

மும்பையில் மழைக்காலம் தொடங்கியதும் தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் கால்பந்து உருளத் தொடங்கிவிடும். சேற்றில் வழுக்கி விழுவதும், எழுந்து மீண்டும் ஓடுவதும், பந்து சாக்கடைக்குள் போனால் யார் எடுப்பது என்று சண்டையிடுவதும் அங்கே அன்றாடக் காட்சிகள். ஆட்டம் முடிந்துவிடும், ஆட்டத்தைப் பற்றிய பேச்சு முடியாது. முந்தைய நாள் இரவு தொலைக்காட்சியில் கண்ட ஆட்டத்தைத் தேநீர்க்கடை வாசலில் மீண்டும் ஒருமுறை ஆடித் தீர்ப்பார்கள். முன்கள வீரருக்குக் கால் ஓய்ந்துவிட்டது என்பான் ஒருவன். நடுக்களத்திலிருந்து பந்தே வராதபோது அவர் என்னதான் செய்வார் என்று கேட்பாள் அவன் தங்கை. பயிற்சியாளரை மாற்றினால்தான் அணி உருப்படும் என்று தேநீர் ஆற்றியபடியே தீர்ப்பு வழங்குவார் கடைக்கார அண்ணாச்சி. மாட்டுங்காவின் உணவகங்களிலும் செம்பூர்க் குடியிருப்புகளின் படிக்கட்டுகளிலும் இதே வழக்கு, இதே வாதம்.

இதனை வீண்பேச்சு என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் உண்டு. தன் அணியைக் குறைகூறுபவன் உண்மையான இரசிகனே அல்லன் என்று கருதும் இளைஞர்களும் உண்டு. இரண்டு கருத்துகளும் ஏற்கத்தக்கவை அல்ல. குறையை எடுத்துச் சொல்பவரைப் பகைவராக எண்ணாத மரபு தமிழ் மரபு. தவறு கண்டபோது இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்று அரசனுக்கு அறிவுறுத்தத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நாடாளும் மன்னனுக்கே இது பொருந்துமானால், பந்தாடும் வீரருக்கும் பொருந்தும். ஆகவே இரசிகர் குறைகூறலாமா என்பது கேள்வியன்று. எந்தத் தகுதியோடு கூற வேண்டும், எதைக் கூற வேண்டும், எதைக் கூறவே கூடாது என்பனவே கேள்விகள். இவற்றுள் முதற்கேள்விக்கு மும்பை நகரமே ஒருமுறை விடை கண்டது.

அந்தேரியில் ஒரு வேண்டுகோள்

2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள். நான்கு நாடுகள் கலந்துகொண்ட கண்டங்களிடைக் கோப்பைப் போட்டியின் தொடக்க ஆட்டம் மும்பை அந்தேரியில் உள்ள கால்பந்துத் திடலில் நடைபெற்றது. இந்திய அணி சீன தைபே அணியை 5–0 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவர் சுனில் சேத்ரி மட்டும் மூன்று கோல்கள் அடித்தார். அத்தகைய வெற்றியைக் காண வந்திருந்தோர் 2,569 பேர். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தில், நாட்டின் அணி விளையாடிய ஆட்டத்துக்குத் திரண்ட கூட்டம் அவ்வளவுதான்.

மறுநாள் சேத்ரி ஒரு காணொலியை வெளியிட்டார். அதில் அவர் சினம் கொள்ளவில்லை, புகழும் கேட்கவில்லை. இணையத்தில் அமர்ந்து ஏசுவதில் சுவையில்லை, திடலுக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேரே ஏசுங்கள், கத்துங்கள், குறைகூறுங்கள் என்று வேண்டினார். அவ்வாறு வந்தால் ஒருநாள் உங்கள் மனம் மாறவும் கூடும் என்றார். ஐரோப்பிய அணிகளை மட்டுமே விரும்பிப் பார்ப்பவர்களிடமும் அவர் பேசினார். எங்கள் ஆட்டத்தின் தரம் அவர்களுக்கு நிகரானதன்று, அருகில்கூட இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். ஆயினும் எங்கள் முயற்சியால் உங்கள் நேரத்தைப் பயனுள்ளதாக்குவோம் என்று உறுதி கூறினார்.

ஜூன் 4ஆம் நாள் கென்ய அணியுடன் ஆட்டம். அது சேத்ரியின் நூறாவது பன்னாட்டு ஆட்டம். நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்திருந்தன. மழை கொட்டியது. திடலில் நீர் தேங்கிப் பந்து உருள மறுத்தது. முதற்பாதியில் எவரும் கோல் அடிக்கவில்லை. கூட்டமோ நனைந்தபடியே ஆரவாரம் செய்தது. இரண்டாம் பாதியில் சேத்ரி இரண்டும், ஜெஜே லால்பெக்லுவா ஒன்றுமாக மூன்று கோல்கள் அடிக்க, இந்தியா 3–0 என வென்றது.

மூன்று நாள் இடைவெளியில் அந்த நகரம் எதைக் கற்றது? திட்டுவதற்காகவாவது வாருங்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், வந்த பிறகு வாழ்த்திவிட்டுத் திரும்பினார்கள். நேரில் கண்டவருக்கு நீர் நிறைந்த தரையில் பந்தைக் கடத்துவது எத்துணைக் கடினம் என்பது விளங்கியிருக்கும். கைப்பேசித் திரையில் அரை நிமிடத் துணுக்காகத் தெரியும் தவறுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேர உழைப்பு இருப்பதும் விளங்கியிருக்கும். அதன் பின்னரும் அவர் குறைகூறலாம். அந்தக் குறை கண்டறிந்து சொன்ன குறையாக இருக்கும்.

எல்லோராலும் திடலுக்கு வர இயலுமா என்ற கேள்வி நியாயமானதே. நுழைவுச்சீட்டின் விலையும் பயணச்செலவும் பல குடும்பங்களுக்குச் சுமை. வர இயலாதவர் ஆட்டம் முழுவதையும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். பள்ளித் திடலில் நடக்கும் ஆட்டத்தையேனும் வெயிலில் நின்று பார்க்கலாம். சொல்ல வேண்டியது இவ்வளவே: காணாததைக் குறைகூறுதல் இரசிகனின் உரிமையன்று.

ஆளில்லா அரங்கில் ஒரு கோப்பை

இரசிகர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மும்பை அறியும். 2014இல் தொடங்கப்பட்ட மும்பை சிட்டி அணி பல ஆண்டுகள் கோப்பைக்காகக் காத்திருந்தது. 2021 மார்ச் 13 அன்று கோவாவின் பட்டோர்டா அரங்கில் ஏடிகே மோகன் பகான் அணியை 2–1 எனத் தோற்கடித்து, இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை முதன்முறையாக வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் மணிப்பூர் வீரர் பிபின் சிங் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. எனினும் அது கொரோனாக் காலம். அத்தொடர் முழுவதும் பார்வையாளர் இன்றியே நடத்தப்பட்டது. ஏழாண்டுக் காத்திருப்பு நிறைவேறிய அந்த நொடியில் இருக்கைகளிலிருந்து ஒரு கைத்தட்டலும் எழவில்லை. பிழை செய்தால் முணுமுணுக்கவும் அங்கு எவருமில்லை. கோப்பை கைக்கு வந்தது. அதைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டம் வரவில்லை. வெறும் இருக்கைகளைவிட, குறைகூறும் இரசிகர் ஆயிரம் மடங்கு மேலானவர்.

எதைப் பேச வேண்டும்?

ஆட்டத்தைப் பேச வேண்டும். அதற்கும் சேத்ரியே நல்ல சான்று. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் நடந்த ஆட்டத்தோடு அவர் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விடைபெற்றார். அதுவரை 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார். ஆனால் 2025 மார்ச் மாதத்தில், தமது 40ஆம் வயதில், மீண்டும் இந்திய அணிக்குத் திரும்பினார்.

இது சரியா, தவறா? இரு பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. கோல் அடிக்கத் தெரிந்த வேறொருவர் அணியில் இல்லாதபோது, அடிக்கத் தெரிந்தவரை வீட்டில் அமர்த்துவது அறிவுடைமை ஆகாது என்று ஒருவர் கூறலாம். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக அவர் கோல் அடித்ததைச் சான்றாகக் காட்டலாம். மற்றொருவர் மறுக்கலாம். மூத்தவர் இடத்தை விடாதவரை இளையவர் வளர்வது எவ்வாறு, 40 வயது வீரரை நம்பியிருப்பதே அணியின் பலவீனம் அல்லவா என்று வினவலாம். இருவரும் ஆட்டங்களையும் எண்ணிக்கைகளையும் முன்வைத்தே பேசுகின்றனர். இருவருள் எவர் தோற்றாலும் கால்பந்தைப் பற்றிய அறிவு வளர்கிறது. இதுவே வாதம். இதனைக் கற்றுக்கொண்ட மாணவர், நாளை வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஊர்க்கூட்டத்திலும் இதே முறையில் வாதிடுவார்.

எதைத் தொடக்கூடாது?

ஒருவரின் பிறப்பையும் மொழியையும் நிறத்தையும் தொடக்கூடாது. 2021 ஜூலை 11 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. இத்தாலியிடம் இங்கிலாந்து பெனால்டி உதைகளில் தோற்றது. மார்கஸ் ராஷ்போர்டு, ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா ஆகிய மூவரும் தத்தம் உதையில் கோல் அடிக்கத் தவறினர். சாகாவுக்கு அப்போது வயது 19. மூவருமே அயல்நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். அன்றிரவே சமூக ஊடகங்களில் அவர்களின் நிறத்தை இழித்து வசைகள் குவிந்தன. இறுதியாட்டம் வரை அணியை அழைத்து வந்தபோது அவர்கள் ஊராராக இருந்தனர். ஓர் உதை தவறியதும் வந்தேறிகள் ஆயினர். ஆனால் மற்றொன்றும் நிகழ்ந்தது. மான்செஸ்டர் நகரின் விதிங்டன் பகுதியில் ராஷ்போர்டின் சுவரோவியம் அன்றிரவு சிதைக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் திரண்டு வந்து அன்பு மொழிகள் எழுதிய தாள்களால் அச்சுவரை நிறைத்தனர். அவற்றுள் சிறுவர்கள் எழுதியவையும் இருந்தன.

மும்பைத் தமிழருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1960களில் இதே நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிரான முழக்கங்கள் எழுந்தன. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கும் நகரின் அலுவலகங்களுக்கும் வந்து உழைத்த குடும்பங்கள், தாங்கள் இங்கு இருக்கத் தகுந்தவர்கள்தாமா என்ற கேள்வியை எதிர்கொண்டன. உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்ற சொல் எவ்வளவு கசப்பானது என்பதை அக்குடும்பங்களின் தாத்தா பாட்டிமார் அறிவர். அந்தக் கசப்பை அறிந்த வீட்டிலிருந்து வரும் ஒரு சிறுவன், தோற்ற வீரரை அவர் பிறந்த மாநிலத்தின் பெயரால் இழித்துப் பேசலாமா? தன் தாத்தாவின் மீது எறியப்பட்ட கல்லையே அவன் எடுத்து எறிகிறான்.

கால்பந்து அணி எதுவும் ஓர் ஊரின் பிறப்புச் சான்றிதழ் அன்று. பெங்களூரு அணியின் முகமாக அறியப்படும் சேத்ரி, 2015, 2016 ஆண்டுகளில் மும்பை சிட்டி அணிக்காகவும் விளையாடியவர். அந்தேரி மழையில் கோல் அடித்த ஜெஜே, மிசோரம் மாநிலத்தவர். 2015இலும் 2018இலும் கோப்பை வென்ற சென்னையின் எப்சி அணியில் இடம்பெற்றிருந்தவரும் அவரே. 2015 டிசம்பரில் பெருவெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, அந்த அணியால் சொந்தத் திடலில் அரையிறுதியை ஆட முடியவில்லை. புணே நகரின் பாலேவாடித் திடலைச் சொந்தத் திடலாகக் கொண்டு ஆடி, கொல்கத்தா அணியை 3–0 என வென்றது. சில நாள்களில் கோப்பையையும் கைப்பற்றியது. பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் போலவே, சென்னையின் அணியும் ஒருமுறை இந்த மண்ணில் இடம் தேடி நின்றிருக்கிறது.

ஆகவே மும்பையில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி மும்பை அணியை ஆதரிக்கலாம். சென்னை அணியையும் ஆதரிக்கலாம். இரண்டும் மோதும் நாளில் ஒரே வீட்டில் தந்தை நீலச் சட்டையோடு ஒரு பக்கமும், மகள் அவருக்கு எதிராக மறுபக்கமும் அமரலாம். அதனால் அவள் தமிழுக்கு உண்மையற்றவள் ஆகிவிடமாட்டாள். அவர் மும்பைக்கு உண்மையற்றவர் ஆகிவிடமாட்டார். பந்து எந்தப் பக்கம் போனது, ஏன் போனது என்று விளங்கும்வரை இருவரும் வாதிட வேண்டும். வாதம் முடிந்ததும் சேர்ந்தமர்ந்து உண்ண வேண்டும்.

தாராவியிலிருந்து அந்தேரித் திடல் தொலைவில் இல்லை. மாகிம் நிலையத்தில் மெதுவண்டி ஏறினால் ஐந்தாவது நிலையம் அந்தேரி. அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமான ஆசாத் நகரில் இறங்கினால் திடல் அருகிலேயே உள்ளது. அடுத்த ஆட்டத்துக்குத் தேநீர்க்கடை அண்ணாச்சியும் அந்த அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போகலாம். முன்கள வீரருக்குக் கால் ஓய்ந்துவிட்டதா, நடுக்களத்திலிருந்து பந்து வரவில்லையா என்பதை மூவரும் கண்ணால் கண்டு வரட்டும். திரும்பும் வண்டியில் தொடரும் சண்டைக்கு அதன் பிறகே பொருள் இருக்கும்.