ஆதாயம் ஒருவருக்கு, சுமை ஊருக்கா?

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்கு மாளிகைகள் முதலில் எழுந்தன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னர் வரும் என்று ஆறுதல் கூறப்பட்டது. 2011-இல் சோழிங்கநல்லூர் மாநகராட்சியோடு இணைந்த பின்னரும் பல்லாண்டுகள் தண்ணீர் லாரிகளே அங்கு தாகம் தீர்த்தன. மாளிகையை விற்றவர் இலாபத்தோடு போய்விட்டார். குழாய் பதிக்கும் செலவோ குடிசைவாசியும் செலுத்தும் வரிப்பணத்தின் மீது விழுந்தது. இது நீதியா?

சட்டம் இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007-இல் செய்த திருத்தம், கட்டுவோரிடம் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் வசூலிக்க வழிவகுத்தது. ஆயினும் அப்பணம் மாநில நிதியமொன்றில் போய்ச் சேர்கிறது. எந்தத் தெருவின் பேரால் வாங்கினார்களோ அந்தத் தெரு காத்துக் கிடக்கிறது.

கட்டணத்தை உயர்த்தினால் வீட்டு விலை ஏறும் என்று அச்சுறுத்துகின்றனர். வீட்டு விலையைத் தீர்மானிப்பது வாங்குவோரின் சக்தியன்றோ? கட்டணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கட்டுவோர் நிலத்துக்குத் தர முன்வரும் விலைதான் குறையும்.

ஆதாயத்தை அனுபவிப்பவரே அதன் சுமையையும் ஏற்கவேண்டும் என்பது நம் ஃபிக்ஹு அறிஞர் வகுத்த நெறி. கிணறு வெட்டுவதை ஸதக்கத்துல் ஜாரியா என்று போற்றும் சமுதாயம் நாம். அது விரும்பிச் செய்யும் தருமம். இதுவோ தீர்த்தே ஆகவேண்டிய கடன். கடனைத் தருமம்போல் கெஞ்சிக் கேட்பானேன்? வசூலான பணம் அந்த வட்டாரத்திலேயே செலவாகட்டும். குழாய் முதலில் வரட்டும். குடியேற்றம் பிறகு நடக்கட்டும்!