ஏலத்துக்கு வந்த திசைகாட்டி



கையில் காசே இல்லாத ஊரில் கடை எப்படி நடக்கும்?

1830-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் காடு திருத்திக் குடியேறியவர்களுக்கு நிலம் இருந்தது. சோளம் விளைந்தது, பன்றிகள் பெருகின. நாணயம்தான் கிடையாது. துணி, காபி, இரும்புச் சாமான் எல்லாம் கிழக்கிலிருந்து வரவேண்டும். ஊருக்குள் வந்த கொஞ்சநஞ்ச வெள்ளியும் அதற்கே போய்விடும். ஸ்பானிஷ் வெள்ளி டாலரை 1857 வரை சட்டப்படி செல்லும் பணமாக அமெரிக்கா வைத்திருந்தது என்றால், தட்டுப்பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனால் எல்லோரும் எல்லோருக்கும் கடன்காரர்கள். கடைக்காரர் பேரேட்டில் பற்று எழுதிக்கொள்வார். அறுவடை முடிந்து, பன்றிகளை விற்ற பிறகு கணக்குத் தீரும். தொகை பெரிதென்றால் புரோநோட்டு. பணமாகத் தர வழியில்லை என்று தெரிந்து, சோளமாகவோ இறைச்சியாகவோ தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு.

அந்த நோட்டு எழுதி வாங்கியவரின் பெட்டியிலேயே தூங்காது. அவர் அதன் பின்புறம் கையெழுத்துப் போட்டு, தான் வாங்கிய குதிரைக்கு விலையாக இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். அவர் வேறொருவரிடம் தருவார். தெரிந்தவர், நாலு நாள் பொறுப்பார் என்று நம்பி நீங்கள் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு, முகம் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அவருக்கு உங்கள் வீட்டுக் கஷ்டம் என்ன தெரியும்? பின்புறம் கையெழுத்திட்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. எழுதிக்கொடுத்தவர் கைவிரித்தால் கடன் அவர்கள் தலையில் விழும்.

அதே இல்லினாயில், நியூ சேலம் என்ற சின்னஞ்சிறு ஊரில் ஓர் இளைஞர் இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டார். வயது 24. பெயர் ஆபிரகாம் லிங்கன்.

வில்லியம் பெர்ரி என்ற கூட்டாளியோடு சேர்ந்து அவர் மளிகைக்கடை வைத்தார். முதல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடையில் இருந்த சரக்கை வாங்கியதும் நோட்டு எழுதிக்கொடுத்துத்தான். பக்கத்தில் இன்னொரு கடை விலைக்கு வந்தபோது அதற்கும் நோட்டு. வியாபாரம் படுத்துவிட்டது. பெர்ரி குடிக்கு அடிமையானவர் என்பார்கள். 1835 ஜனவரியில் அவர் இறந்தும் போனார். சேர்ந்து போட்ட கையெழுத்தில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் பாதியைக் கட்டிவிட்டு ஒதுங்க முடியுமா? ஏறக்குறைய 1,100 டாலர் கடன் முழுதும் லிங்கன் மேல் விழுந்தது. ‘தேசியக் கடன்’ என்று நண்பர்களிடம் அவர் அதைச் சொல்வாராம்.

பெர்ரி இறப்பதற்கு முன்பே வழக்கும் வந்துவிட்டது. நோட்டு ஒன்று கைமாறி பீட்டர் வான் பெர்கன் என்பவரிடம் போயிருந்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார், தீர்ப்பு வாங்கினார். ஷெரிஃப் வந்து லிங்கனின் குதிரை, சேணம், கடிவாளம், நிலம் அளக்கும் திசைகாட்டி, சங்கிலி எல்லாவற்றையும் எடுத்து ஏலத்துக்கு வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடை போன பிறகு லிங்கன் சாப்பிட்டது பெரும்பாலும் நில அளவை வேலையில். அந்த வேலைக்குக் குதிரையும் வேண்டும், திசைகாட்டியும் வேண்டும். இரண்டையும் பிடுங்கிவிட்டால் அவர் எதை வைத்துச் சம்பாதிப்பார், எப்படிக் கடனைக் கட்டுவார்? வான் பெர்கன் செய்ததில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. ஆனால் சட்டம் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி யோசித்தார். அக்கம்பக்கத்தில் ‘ஜிம்மி மாமா’ என்று அழைக்கப்பட்டவர். ஏலத்தில் 120 டாலருக்கு அத்தனையையும் எடுத்து லிங்கனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த 120 டாலரையும் லிங்கன் பின்னாளில் அடைத்தார், மற்ற கடன்களையும் வருடக்கணக்காக இழுத்து இழுத்துக் கட்டி முடித்தார்.

எல்லா வீட்டுக்கும் ஒரு ஜிம்மி மாமா வாய்ப்பாரா? 1819-லும் 1837-லும் பெரும் பணமுடை வந்தபோது நிலத்தையும் மாட்டையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். பலர் இரவோடு இரவாக வண்டி கட்டி டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள். கதவில் ‘ஜி.டி.டி.’ என்று மூன்றெழுத்து இருக்கும். டெக்சாஸ் போய்விட்டோம் என்று பொருள். ஓடியவர் தப்பித்தார். அவருக்காகக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான் அகப்பட்டார்.

வீட்டுத் தலைவர் இறந்துவிட்டாலோ இன்னும் கொடுமை. கடனை அடைக்க வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டு ஏலம் விடுவார்கள். தான் சமைத்த பாத்திரத்தை, பிள்ளைகள் படுத்த படுக்கையைத் தானே ஏலம் கேட்டு வாங்கிய விதவைகள் உண்டு. கணவர் கடன் நோட்டில் கையெழுத்துப் போடும்போது அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

மெல்ல மெல்லச் சட்டம் மனிதர்களைப் பார்க்கத் தொடங்கியது. கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தைக் கென்டக்கி மாநிலம் 1821-லேயே ஒழித்தது. அது ஒரு விசித்திர வழக்கம். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கே பணம் திரட்டிக்கொடுத்த ராபர்ட் மோரிஸை 1798-இல் பிலடெல்பியா சிறையில் தள்ளி மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் எங்கே போய்ச் சம்பாதிப்பார்?

எனக்கு மிகவும் பிடித்தது 1839-இல் டெக்சாஸ் கொண்டுவந்த சட்டம். அப்போது அது தனி நாடு. கடன்காரர்களாக வந்து சேர்ந்தவர்கள் நிறைந்த நாடு என்பதால் வலி தெரிந்திருக்கிறது. கடனுக்காக ஒரு குடும்பத்தின் 50 ஏக்கர் நிலத்தையும் அதிலுள்ள வீட்டையும் தொடக்கூடாது. ஐந்து கறவை மாடு, ஒரு ஜோடி உழவு மாடு அல்லது ஒரு குதிரை, 20 பன்றி, தொழில் கருவிகள், ஒரு வருடச் சாப்பாடு ஆகியவற்றுக்கும் அதே பாதுகாப்பு. அடுப்படியில் நின்று யோசித்து எழுதியதுபோல் இருக்கிறது, இல்லையா?

வாங்கிய கடனைத் திருப்பத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கொடுத்தவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் கடன்பட்டவரின் கையில் திசைகாட்டியை விட்டுவைத்தால்தான் கொடுத்தவருக்கும் பணம் வரும்.

லிங்கனின் நேர்மையைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அடுத்த முறை சொல்லும்போது ஜேம்ஸ் ஷார்ட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.