திறமையா, வாய்ப்பா என்பதல்ல கேள்வி

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஸ்ரீரங்கத்து வீடுகளில் பரமபதம் ஆடுவது வழக்கம். கட்டையை உருட்டுவதன்றி ஆடுபவர் செய்வதற்கு அதில் ஏதுமில்லை, முழுவதும் வாய்ப்பே. ஆயினும், அதனால் வீட்டை இழந்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. காரணம், அங்கே பணயம் இல்லை.

போக்கர் வேறு வகை. அதில் திறமைக்கு இடமுண்டு என்பதை மறுக்க இயலாது. திருச்சியில் நிகழ்தகவுப் பாடம் நடத்திய நாள்களில் அதன் அடிப்படைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஐந்து இஸ்பேட் சேர்ந்தால் வெற்றி. கையிலும் மேசையிலுமாக நான்கு வந்துவிட்டன. இன்னும் ஒரு சீட்டுதான் திறக்கப்பட வேண்டும். நாம் காணாத 46 சீட்டுகளில் இஸ்பேட் 9. நடுவில் 300 ரூபாய் இருக்கிறது. ஆட்டத்தைத் தொடர நாம் 100 ரூபாய் கட்ட வேண்டும். வென்றால் 400 ரூபாய். ஆனால், 46-இல் 9 என்ற வாய்ப்புக்குச் சராசரியாகத் திரும்புவது 78 ரூபாயே. ஆகவே, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதே அறிவுடைமை. எப்போது விலகுவது என்பதே போக்கரின் முதல் பாடம்.

இந்தத் திறமையைக் காட்டித்தான் நிறுவனங்கள் வழக்காடின. தமிழக அரசின் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்ற அந்நீதிமன்றம், ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதி 2025-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ வாய்ப்போ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

பொருளியல் நோக்கில் இதுவே சரியான அளவுகோல். பத்துப் பேர் தலா 1,000 ரூபாயுடன் அமர்கின்றனர். நிறுவனம் 500 ரூபாய் கழிவு எடுக்கிறது என்று கொள்வோம். பத்துப் பேரும் மேதைகளாயினும் எஞ்சுவது 9,500 ரூபாயே. உற்பத்தி ஏதுமில்லை; கற்றவர் வெல்வது கல்லாதவர் பணத்தை. திறமை கூடக் கூட, புதியவரின் இழப்பு உறுதியாகிறதேயன்றிக் குறைவதில்லை.

சட்டம் உள்நாட்டு நிறுவனங்களின் கதவை மூடலாம். அயல்நாட்டுத் தளங்கள் கைப்பேசியில் காத்திருக்கும். எனவே, இக்கணக்கை நம் கல்லூரிகள் பணயமின்றிக் கற்பிக்கட்டும். அதை உணர்ந்த மாணவர், முதல் 100 ரூபாயைக் கட்டும் முன்பே விலகிவிடுவார்.