தகரப் படகும் பௌதிக வகுப்பும்

திருவிழாக் கடைகளில், நீர் நிறைந்த அகன்ற தட்டொன்றில், "டப் டப்" என்ற ஓசையோடு சுற்றிச் சுற்றி வரும் சிறு தகரப் படகைக் காணாதார் நம்முள் மிகச் சிலரே. கடைக்காரன் எண்ணெய்த் திரியொன்றை ஏற்றி அதன் வயிற்றுள் செருகுகிறான்; சில நொடிகளில் படகு உயிர் பெற்றாற்போல் நடுங்கி ஓடத் தொடங்குகின்றது. அதனுள் சக்கரம் இல்லை, பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ஒரு சிறு கொதிகலமும், அதிலிருந்து பின்புறமாக நீருக்குள் இறங்கும் இரண்டு குழாய்களுமே அதன் இயந்திரம் முழுவதும். இத்தகைய விளையாட்டுப் பொருளொன்றைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், நம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் ஒவ்வொரு மாணாக்கரும் முதலாண்டு முடிவதற்குள் இப்படகொன்றைத் தம் கையாலேயே திட்டமிட்டுச் செய்து ஓட்டிக் காட்டல் வேண்டும் என்பதே எமது கருத்து. அது செய்வதற்கு எளிது என்பது ஒரு காரணம். விளக்குவதற்கு அரிது என்பது அதனினும் பெரிய காரணம்.

இதனை முதலில் அமைத்தவராகக் கருதப்படுபவர் தாமஸ் பியோ என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்கு உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். பின்னர் 1915-இல் அமெரிக்கரான மெக்ஹியூ என்பவர், கொதிகலத்தின் மேன்முகத்தை மெல்லிய உலோகத் தகடாக அமைத்து, அது உள்ளும் புறமும் வளைந்து ஓசை எழுப்புமாறு செய்தார். நம் சிறுவர் விரும்பும் "டப் டப்" ஒலி அத்தகட்டின் ஒலியே. 1920-இல் பர்செல் என்பவர் கொதிகலத்தையே நீக்கிவிட்டு, ஒரே குழாயைச் சுருளாக வளைத்துத் தீயின் மேல் வைத்தால் போதும் என்று காட்டினார். ஜப்பானியர் இதனைப் "பொன் பொன்" என்னும் ஒலிக்குறிப்பால் அழைக்கின்றனர். எந்நாட்டிலும் இது ஓசையாலேயே பெயர் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

இதன் மூதாதையரைத் தேடின் நாம் இன்னும் பின்னே செல்லுதல் வேண்டும். நீராவி இயந்திரம் என்றவுடன் மாணாக்கர் ஜேம்ஸ் வாட்டின் பெயரையே கூறுவர். அவர்க்கு நெடுநாள் முன்னரே, 1698-இல், தாமஸ் சேவரி என்பவர் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்குப் பிஸ்டன் இல்லாத பொறியொன்றை அமைத்தார். ஒரு கலத்தில் நீராவியை நிரப்பி, வெளியே குளிர்நீர் ஊற்றி அதனைக் குளிரச் செய்தால், ஆவி நீராகச் சுருங்கிக் கலம் வெறுமையாகும். அவ்வெறுமையை நிரப்பக் கீழிருந்து நீர் ஏறி வரும். மறுபடியும் ஆவியைச் செலுத்த, அந்நீர் மேல்நோக்கித் தள்ளப்படும். ஆவி தள்ளுதலும் ஆவி அடங்குதலும் மாறி மாறி நிகழ்தலே அதன் செயல். நியூகோமன் 1712-இல் பிஸ்டனைக் கொணர்ந்த பின்னர் சேவரியின் முறை வழக்கொழிந்தது. எனினும், நம் தகரப் படகினுள் இன்றும் நிகழ்வது சேவரியின் செயலே. ஒரு வேறுபாடு உண்டு: சேவரியின் பொறியில் வால்வுகளைத் திறந்து மூட ஓர் ஆள் அருகே நின்றான், படகில் அவ்வேலையை நீரே செய்துகொள்கின்றது.

நீரைப் பின்னோக்கி உமிழ்ந்து கப்பலைச் செலுத்தும் எண்ணமும் விளையாட்டாகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சே என்பவர் 1787-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பொட்டோமாக் ஆற்றில், மக்கள் கூடிப் பார்க்க, நீராவியால் நீரை முன்புறம் உறிஞ்சிப் பின்புறம் பீறிடச் செய்த படகொன்றை ஓட்டினார். அவர் 1792-இல் இலண்டனில் காலமானார். அவரது முறை நிலைபெறவில்லை. துடுப்புச் சக்கரமும், பின்னர்த் திருகு விசிறியும் அதனை வென்றன. பெரிய கப்பல்கள் கைவிட்ட வழியைச் சிறுவர் படகு காத்து வந்தது எனலாம்.

இனி அதன் செயலை நோக்குவோம். குழாய்களிலும் கலத்திலும் முதலில் நீர் நிரப்பப்பட்டிருக்கின்றது. தீயின் வெப்பத்தால் கலத்திலுள்ள நீரில் ஒரு சிறு பகுதி ஆவியாகின்றது. அவ்வாவி விரிந்து, குழாய்களில் நிற்கும் நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட நீர் வேகம் கொண்டுவிட்டமையால், ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சமமான பின்னும் நில்லாது ஓடுகின்றது. அங்ஙனம் மிகைப்பட ஓடவே, உள்ளே அழுத்தம் குறைகின்றது. ஆவி குழாயின் குளிர்ந்த சுவர்களைத் தொட்டு நீராகின்றது. வெளியழுத்தம் நீரை மீண்டும் உள்ளே செலுத்துகின்றது. உள்வந்த நீர் சூடான கலத்தைத் தொட்டவுடன் மறுபடியும் ஆவி. ஒரு நொடிக்குள் இது பன்முறை நிகழ்கின்றது. ஆவியைச் சுருள்வில்லாகவும், குழாயிலுள்ள நீரை அவ்வில்லின் நுனியில் கட்டிய பாரமாகவும் எண்ணிக்கொண்டால், குழாய் நீண்டால் துடிப்பு ஏன் மெதுவாகின்றது என்பது விளங்கும்.

இவ்வளவும் கேட்ட மாணாக்கர், "இஃது நியூட்டனின் மூன்றாம் விதி, நீர் பின்னே செல்லப் படகு முன்னே செல்கின்றது" என்று எழுதி முடித்துவிடுவர். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் வகுப்பில் ஒருவரேனும் எழுந்து, "ஐயா, வெளியே சென்ற நீர் அதே குழாய் வழியே அதே அளவு உள்ளே திரும்புகின்றதே! போகும்போது முன்னே தள்ளினால், வரும்போது பின்னே இழுக்க வேண்டாமா? படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டாமா?" என்று வினவின், மூன்றாம் விதியை மட்டும் மனனம் செய்தார் வாய் திறவார். அவ்வினாவை எழுப்புவதற்காகவே இப்படகு கல்லூரிக்குள் வரல் வேண்டும்.

விடை இதுதான். வெளியேறும் நீர் ஒரே திசையில் தாரையாகப் பாய்கின்றது. தன் வேகத்தைத் தன்னோடு கொண்டு சென்றுவிடுகின்றது. உள்ளே புகும் நீரோ குழாய் வாயைச் சூழ்ந்துள்ள எல்லாத் திசைகளிலிருந்தும் மெல்ல வந்து சேர்கின்றது. அது புகும்போது வாயிலுள்ள குறைந்த அழுத்தத்தால் படகு பின்னுக்கு இழுக்கப்படுவது மெய்யே. ஆனால் புகுந்த நீர் குழாயின் வளைவிலும் கலத்திலும் மோதி நிற்கும்போது படகை முன்னுக்குத் தள்ளுகின்றது. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது தாரையின் தள்ளுதல் மட்டுமே. இதனை நம் வீட்டிலேயே எவரும் சோதிக்கலாம்: எரியும் அகல்விளக்கை ஒரு சாண் தொலைவிலிருந்து ஊதி அணைத்தல் எளிது, அதே தொலைவிலிருந்து உறிஞ்சி அணைக்க எவராலும் இயலாது. நம் கடற்கரை வலைஞர் அறிந்த கணவாயும் இவ்வாறே உடலின் பக்கங்களால் நீரை வாங்கி, ஒரு குறுகிய குழல் வழியே பீய்ச்சி விரைகின்றது.

பெரியோர்க்கும் இது எளிய வினாவாக இருந்ததில்லை. எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் வெளியிட்ட இயக்கவியல் நூலிலேயே ஊதுதலுக்கும் உறிஞ்சுதலுக்கும் உள்ள இவ்வேற்றுமையை ஆராய்ந்தார். ஃபெய்ன்மன் பிரின்ஸ்டனில் மாணாக்கராயிருந்தபோது இதனையொத்த வினாவொன்றைத் தீர்க்க முயன்று, பெரிய கண்ணாடிக் குடுவையொன்று வெடித்துச் சிதறிய கதையை 1985-இல் வெளிவந்த தம் நூலில் சுவைபடக் கூறியுள்ளார். 1963-இல் ஃபின்னி, கர்ல் என்னும் இருவர் அமெரிக்கப் பௌதிகச் சஞ்சிகை ஒன்றில் இவ்விளையாட்டுப் படகைப் பற்றியே கட்டுரை வரைந்தனர். கடைத்தெருவில் குழந்தை அழுது வாங்கும் பொருள் இத்தகைய அறிஞரின் காலத்தைக் கொண்டதென்றால், அதனை இழிவாக எண்ணுவார் யாவர்?

நம் பரிசோதனைச் சாலைகளில் இன்று நடப்பதை மறைத்துப் பேசுதலால் பயனில்லை. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பின் முடுக்கத்தை அளக்கும் மாணாக்கர், 9.8 என்னும் எண்ணை முன்னரே அறிந்தவராய் மேசைக்கு வருகின்றார். அவர் அளவை 9.1 என்று காட்டினால், வழு எங்கே என்று தேடுவதில்லை, அளவையைத் திருத்திவிடுகின்றார். சென்ற ஆண்டு மாணாக்கரின் குறிப்பேடு விடுதியில் கைமாறி வருவதும் யாவரும் அறிந்ததே. இது மாணாக்கரின் குற்றம் என்று மட்டும் சொல்லுதல் முறையன்று. விடை தெரிந்த வினாவை நூறாவது முறையாகக் கேட்டு, விடை சரியாயிருந்தால் மதிப்பெண்ணும் தவறாயிருந்தால் கண்டனமும் தருகின்ற ஏற்பாடு, பொய்யுரைப்பதற்குப் பயிற்சியளிக்கும் ஏற்பாடேயாகும். தகரப் படகிலோ விடை எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. ஒருவர் வளைத்த குழாய் மற்றொருவர் வளைத்ததைப் போலாவதில்லை. ஒரு நிமிடத்தில் எத்துணைத் துடிப்பு, ஒரு மீட்டர் தூரம் செல்ல எத்துணை நொடி என்பதை அவரவரே எண்ணி எழுதுதல் வேண்டும். படகு ஓடவில்லையெனின், ஓடியது என்று எழுதி எவரையும் நம்பச் செய்ய இயலாது. தொட்டி எதிரே இருக்கின்றது.

செய்முறையைப் பற்றிச் சில சொல்வோம். முதன்முறை செய்வார் சுருள் குழாயையே மேற்கொள்வது நலம். தகரக் கலத்தை ஈயப்பற்று வைத்து மூட வேண்டும். அப்பற்று 200 பாகை வெப்பத்திற்குள் உருகிவிடும். உள்ளே நீர் இருக்குமட்டும் கேடில்லை. நீர் வற்றிய நொடியில் தீ அதனைப் பிரித்துவிடும். மேலும் ஈயம் உடலுக்குத் தீங்கு செய்வது. சுருளுக்குப் பற்றே வேண்டுவதில்லை. சுமார் 3 மில்லிமீட்டர் உட்குறுக்களவும் 30 சென்டிமீட்டர் நீளமும் உடைய செம்புக் குழாய் போதும். அதனைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் வளைக்க மென்மையாகும். உலர்ந்த பொடிமணலை உள்ளே நிரப்பி, இருமுனைகளையும் அடைத்து, பென்சிற் கனமுள்ள கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் நசுங்காது. பின்னர் மணலை ஒரு துகளும் எஞ்சாமல் உதறி, நீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். இதில் சோம்புவார் படகு ஓடாது. இரு முனைகளும் படகின் பின்புறம் நீர்மட்டத்திற்குக் கீழே, ஒன்றற்கொன்று இணையாக, நேர் பின்னோக்கி நிற்க வேண்டும். கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உந்துதலில் ஒரு பகுதி படகை உயர்த்துவதிலேயே வீணாகும்.

மெழுகுவத்தியின் இடத்தை நிருணயித்தலே திட்டமிடுதலில் கடினமான பகுதி என்பது எமது எண்ணம். அதனைப் பின்னே வைத்தால் பின்புறம் அமிழும். முன்னே வைத்தால் குழாய் வாய் நீரை விட்டு எழும். சுடரின் நுனிக்கு மேல் சுருள் சற்றே உயர்ந்திருந்தால் படகு துடித்துத் துடித்து நிற்கும். சுடருக்குள் மிக ஆழ்ந்திருந்தால் கரி படியும். புறப்படுமுன் ஊசிக்குழலால் ஒரு முனையில் நீர் செலுத்தி, மறுமுனையில் குமிழியின்றி நீர் வரும்வரை நிரப்புதல் வேண்டும். குழாய்முனை இரண்டாக இருப்பதன் பயன் அப்பொழுதே கைக்குப் புலனாகும். இவ்வியந்திரம் தீயின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவானதையே உந்துதலாக மாற்றுகின்றது என்பதையும் கூறிவிடுவோம். இந்நிலையில் அதனைச் சிறிது செம்மை செய்யும் மாணாக்கர்க்கும் பேருவகை உண்டாகும்.

இதற்குக் கூறப்படும் தடைகளுள் ஒன்று, பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பது. இடமில்லை என்பது உண்மையே. ஆனால் இரண்டு பிற்பகல்களுக்கு இடமின்றி எந்தப் பாடத்திட்டமும் நிறைந்துவிடவில்லை. தீயினால் அபாயம் நேரும் என்பது இன்னொன்று. குழாய் இருமுனையும் திறந்தே இருத்தலால் கலம் வெடிக்க வழியில்லை. முனைகள் அடைபட்டிருக்கலாகாது என்பதை மட்டும் ஓட்டுமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும். சூடான குழாயைத் தொட்டால் விரல் சுடும். அடுப்படியில் அதனினும் பெரிய அபாயத்தில் நம் தாய்மார் நாள்தோறும் நிற்கின்றனர். ஆயத்தப் பெட்டிகளாக விற்கும் படகுகளை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பாரும் உளர். அவற்றில் எல்லாம் பொருந்தியே வருவதால், பொருந்தாமை எவ்வாறு நேர்கிறது என்பதைக் காணவே இயலாது. அவ்வாறு வாங்கிக் கொடுத்தலைவிட ஒன்றும் செய்யாதிருத்தல் நன்று.

பந்தயம் வைக்க வேண்டுமென்று மாணாக்கர் விரும்புவர். வைக்கட்டும். ஆயின் பரிசு முதலில் கரை சேர்ந்த படகிற்கன்று, ஒரே ஒரு கூற்றை மட்டும் மாற்றி மாற்றி, ஓடியதையும் ஓடாததையும் நேர்மையாய்க் குறித்த ஏட்டிற்கு அளிக்கப்படல் வேண்டும். குழாயின் நீளத்தை மாற்றுபவர் சுடரை மாற்றலாகாது. சுடரை மாற்றுபவர் படகின் எடையை மாற்றலாகாது. பௌதிக மாணாக்கரோடு இலக்கிய வகுப்பாரும் சேரலாம். செம்பை வளைப்பதற்குக் கணிதம் வேண்டுவதில்லை. நான்கு மீட்டர் நீளமுள்ள தகரத் தொட்டியொன்றும், சில சுருள் செம்புக் குழாயும், ஒரு கட்டு மெழுகுவத்தியுமே தேவை. தொட்டியைப் பரிசோதனைச் சாலையின் உள்ளே வைத்துப் பூட்டாமல், எல்லா வகுப்பாரும் கடந்து செல்லும் தாழ்வாரத்தில் வைத்தல் வேண்டுமென்று பௌதிகப் பகுதியாரை வேண்டிக்கொள்கின்றோம்.