ஆயிரம் வாட்ஸ் எங்கே?

கடையில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஸ்பீக்கர் செட்டைப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க நண்பர்களே! அது கண்ணிமைக்கும் நேரத்துக் கணக்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க. உள்ளே டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்க, 24 வாட். உள்ளே 24 போய் வெளியே 1000 தொடர்ந்து எப்படி வரும்?

வீட்டிலேயே ஆம்ப்ளிபயர் கட்டியவனிடம் இந்தப் பருப்பு வேகாது. ஐந்து கால் டி.டி.ஏ.2030 ஐ.சி., 12-0-12 டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, கொஞ்சம் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர். 4 ஓம் ஸ்பீக்கரில் 10 வாட் நிஜமாவே வரும். வகுப்பறைக்கு அது தாராளம். ஹீட்சிங்க் மாட்டாவிட்டால் ஐ.சி. சூடாகி, தானே வாயை மூடிக்கொள்ளும்! (230 வோல்ட் பக்கம் மட்டும் பெரியவங்க துணையோடு.)

அறிவியல் கண்காட்சியில் வருஷா வருஷம் எரிமலைதானா? இதற்கும் ஒரு மேசை கொடுங்களேன், சார்!