மண்ணுக்கு டெஸ்ட் உண்டு... மனுஷனுக்கு?

கம்பம், சின்னமனூர் பக்கம் விவரமான திராட்சை விவசாயி, உரம் வைக்கும் முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவார். அதே வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் மருந்து ஆரம்பிக்கும்போது, 'இந்த உடம்பு இந்த மருந்தைத் தாங்குமா?' என்று பார்க்கவும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

குடல், வயிறு, மார்பகப் புற்றுநோய்களுக்கு 5-எஃப்.யூ. என்ற ஊசி மருந்து தருகிறார்கள். 1950-களில் கண்டுபிடித்த பழைய மருந்துதான். கேபசிடபின் என்ற மாத்திரையும் உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ.வாகவே மாறும். உயரம், எடையை வைத்து அளவு போடுகிறார்கள். ஆனால், உள்ளே போன மருந்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் சிதைப்பது டி.பி.டி. என்ற என்ஸைம். அதற்கான மரபணு டி.பி.ஒய்.டி. இதில் பிறவியிலேயே குறை இருந்தால், மருந்து சிதையாமல் உடம்பிலேயே தேங்கும். ஆளைப் பார்த்தால் கல்லு மாதிரிதான் இருப்பார்! முதல் சுற்றிலேயே வாயெல்லாம் புண், நிற்காத பேதி, வெள்ளை அணுக்கள் சரிந்து காய்ச்சல்... உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம்ம ஊர்க்காரர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மதுரையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, 100 கிலோ மீட்டர் தாண்டி கம்பத்துக்குத் திரும்புகிறார்கள். 14 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. நடுவில் பேதி ஆனால், "கேன்சர் மாத்திரைன்னா அப்படித்தான்... பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்று சொந்தக்காரர்களே தைரியம் சொல்கிறார்கள். அந்தத் தைரியம்தான் ஆபத்து! முறிவு மருந்துக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதையும் கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பேதியோ, வாய்ப்புண்ணோ, 100.4 டிகிரி காய்ச்சலோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். ராத்திரி நேரமா? க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஐரோப்பிய மருந்து முகமை 2020-லேயே 'முதலில் பரிசோதனை, பிறகு மருந்து' என்று சொல்லிவிட்டது. பாதிக் குறை என்றால் ஏறக்குறைய பாதி அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டலாம். முழுக் குறை என்றால் இந்த மருந்தே வேண்டாம். 'செலவாகுமே' என்பீர்கள். மரபணு மாறாது, ஆயுளுக்கு ஒரு தடவை போதும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ எடுக்கும் எல்லோருக்கும் மருந்துக்கு முன்பே இது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு விஷயம். இந்த டெஸ்ட்டில் தேடும் மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டவை. அதனால் 'நார்மல்' என்று வந்தாலும் முதல் சுற்றில் உஷாராகவே இருங்கள். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் 6-எம்.பி. மாத்திரையில் இதைப் பார்த்தோம். அதற்குப் பல வருஷமாக டி.பி.எம்.டி. என்ற மரபணுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசியர்களிடம் அதிகம் தென்படும் நட்-15 மாற்றத்தைக் கொரிய ஆராய்ச்சியாளர்கள் சொன்னது 2014-ல்தான்!

முதல் மாத்திரைக்கு முன் கேளுங்கள்: "டி.பி.ஒய்.டி. பார்த்தாச்சா டாக்டர்?" ரிசல்ட் வரச் சில நாள் ஆகலாம். அதுவரை காத்திருப்பதா, குறைந்த அளவில் தொடங்குவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.